சாமி ஃபோல்டர்

எங்கள் வீட்டில் தொலையக் கூடாதது எதுவானாலும் அது சாமி அலமாரிக்குள் போய்விடும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஜாதகங்கள், மகளின் மார்க் ஷீட், பீரோ சாவி எல்லாம் படங்களுக்குப் பின்னால்தான் இருக்கும். நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், கல்யாணமாகி வந்த இந்தக் கடலூர் வீட்டிலும் அப்படித்தான். அங்கே யாரும் காரணமில்லாமல் கை வைக்க மாட்டார்கள். வைத்தாலும் குளித்துவிட்டுத்தான் வைப்பார்கள். அதனால் என் மகள் அந்தப் போட்டோக்களை அனுப்பி, "யாரு கண்ணுலயும் படாம வச்சிரும்மா" என்று சொன்னபோது, லேப்டாப்பில் 'சாமி' என்று இருந்த ஃபோல்டரைத் திறந்து அதற்குள் போட்டேன். வேறு இடம் எனக்குத் தோன்றவே இல்லை.

இதை வரிசையாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. எங்கே தொடங்கினாலும் கொஞ்சம் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும் என்று படுகிறது.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. சிதம்பரத்தில் இருக்கும் என் அண்ணன் பார்த்துக் கொடுத்த வரன். ஆடி பிறந்ததும் வழக்கப்படி சீர் தட்டு எடுத்துக்கொண்டு போய் அவளை அழைத்து வந்தோம். ஆடி முடிந்தது. ஆவணியும் பிறந்துவிட்டது. திரும்பிப் போவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொன்னேன். அவள் அப்பாவும் அதையே நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் இருந்தேன். அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். என் ஃபோனில் டிங் டிங்கென்று வரிசையாகச் சத்தம் வந்தது. பார்த்தால் அவள்தான் அனுப்பியிருக்கிறாள். ஒரே வீட்டுக்குள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. முழங்கைக்கு மேலே, தோள்பட்டை, காதுக்குப் பின்னால். குளியலறைக் கண்ணாடியில் வேறு வேறு நாட்களில் எடுத்தவை. சில படங்களில் கன்றிப்போன இடம் நீலமாக இருந்தது, சிலவற்றில் மஞ்சளாகிவிட்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"இப்ப எதுவும் கேக்காதம்மா," என்றாள். "அப்பாகிட்ட சொல்லாத. மாமாகிட்ட சொல்லவே சொல்லாத."

நான் கேட்கவில்லை. அன்று ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். அவள் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு ஃபோனில் அழித்தேன். 'சாமி' ஃபோல்டரில் பண்டிகைக்குப் பண்டிகை யாராவது அனுப்பும் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் இருந்தார்கள். அதற்குள் இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி 'விபூதி' என்று பெயர் வைத்தேன். ஏன் விபூதி என்று பிறகு கேள்வி வந்தது. சாமிக்குள் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராத பெயர். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்பதும் இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் லேபில் இருப்பவை பழைய மெஷின்கள். புது விண்டோஸ் தாங்காது என்பதால் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டிருக்கிறது. என் லேப்டாப்பிலும் அதுதான். பரீட்சை நேரத்தில் வகுப்பு வகுப்பாக, பிரிவு பிரிவாக, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரே கேள்வித்தாளைக் காப்பி செய்ய வேண்டும். முதலில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வலி எடுத்த பிறகு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை இல்லை. ஒரு ஃபைலில் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து, இந்த எல்லா ஃபோல்டருக்கும் இதையே செய் என்று சொன்னால் போதும், அது பாட்டுக்குச் செய்யும். சமையலுக்கு ஆள் வைத்த மாதிரி இருக்கும்.

ஆவணியில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம், சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில். பட்டு வேட்டி எல்லோரும்தான் எடுப்பார்கள். நான் குடும்பத்துப் பழைய ஆல்பங்களை எல்லாம் லேபில் ஸ்கேன் செய்து, நெருங்கிய சொந்தத்துக்கு ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஆளுக்கொரு ஃபோல்டர். அண்ணன், சித்தப்பா, நாத்தனார், பெரியம்மா வீடு என்று பெயர் வைத்தேன். அவரவர் படம் அவரவர் ஃபோல்டரில் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான படங்களை மட்டும் ஸ்கிரிப்ட்டை வைத்து அத்தனை ஃபோல்டருக்கும் காப்பி செய்ய வேண்டும்.

என் லேப்டாப்பில் ஸ்கிரிப்ட்டை எழுத உட்கார்ந்ததும் என் கை முதலில் எழுதிய வரி, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'சாமி'யைக் காப்பி செய் என்பதுதான். பத்திரிகை அடித்தால் மேலே பிள்ளையார் இருக்கிறார். ஆல்பம் போட்டால் முதல் பக்கத்தில் பெருமாள் இருக்கிறார். அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுப்பது மட்டும் மொட்டையாகத் தொடங்குமா? ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்ய அந்தக் கட்டளையோடு -r என்று ஒன்று சேர்க்க வேண்டும். சேர்த்தால் உள்ளே எத்தனை ஃபோல்டர் இருந்தாலும் அத்தனையும் போகும். பிள்ளைகளுக்கு நானே போர்டில் எழுதிச் சொல்லிக் கொடுத்தது அது.

ஸ்கிரிப்ட்டை ஓட விட்டேன். கறுப்புத் திரையில் ஃபைல் பெயர்கள் சரசரவென்று ஏறின. அவற்றுக்கு நடுவில் விபூதி என்ற சொல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மண்டபத்தில் தாம்பூலப் பை போடும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு, லீவு கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, பக்கத்தில் ஒரு பென் டிரைவ். பொறுமையாக, அழகாகப் போட்டாள். பெரும்பாலோர் சாப்பிட்ட கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அண்ணன், நெல்லிக்குப்பத்துச் சித்தப்பா, கடலூரிலேயே இருக்கும் நாத்தனார் மூவருக்கு மட்டும்தான் பை கைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களுடைய பென் டிரைவ்கள் என் கைப்பைக்கே திரும்பிவிட்டன. ஓடிய பஸ்களை இப்போது நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் வந்து நின்றாள்.

"அம்மா, வக்கீலம்மாவைப் பார்க்கப் போறேன். அந்தப் போட்டோல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு. என் ஃபோன்ல அழிச்சிட்டேன்."

வக்கீல் என்ற சொல்லை அவள் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். அதைக் கேட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் லேப்டாப்பைத் திறந்தேன். சாமி. அதற்குள் விபூதி. அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் நின்றபோது ஸ்கிரிப்ட்டின் முதல் வரி ஞாபகத்துக்கு வந்தது.

கைப்பையில் மிச்சமிருந்த ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினேன். பெரியம்மா வீடு, சாமி, விபூதி. காதுக்குப் பின்னால் எடுத்த படம்தான் முதலில் வந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. சிஸ்டம் ஸ்லோவா இருக்கு. நீ நாளைக்குப் போயேன்."

பள்ளிக்கு ஃபோன் செய்து காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் இறங்கியதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. யாரிடம் முதலில் போவது? யார் லேப்டாப் வைத்திருக்கிறார்கள்? யார் வாயாடி? கணக்குப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பவர் நாத்தனார் என்பதால் அங்கே போனேன்.

தாம்பூலப் பை ஆணியில் தொங்கியது. தேங்காய் சட்னியாகிவிட்டிருந்தது. வாடிய வெற்றிலையோடு பென் டிரைவ் அடியில் கிடந்தது.

"இதுவா அண்ணி? நான் ஏதோ சாவிக்கொத்துன்னு நெனைச்சேன். இதை எதுல மாட்டறது?"

"இதுல வைரஸ் இருக்கு. வேற மாத்தித் தரேன்."

"மாத்தித் தரும்போது ஒரு டப்பா ஸ்வீட்டும் சேத்துத் தாங்க. பையில முறுக்குகூட இல்ல, உங்க அண்ணன் கஞ்சத்தனம் போவல."

சிரித்தேன். சிரிக்க முடிந்தது எப்படி என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

நெல்லிக்குப்பத்தில் இறங்கியதும் சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாடை வந்து முகத்தில் ஒட்டியது. கரும்பு லோடு டிராக்டர் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். சித்தப்பா பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பென் டிரைவ் டிவியின் பின்பக்கம் செருகியிருந்தது.

"வாம்மா பாப்பா! உன் சிலைடு ஷோவைத்தான் போட்டுப் பார்த்தோம்."

"என்னா பார்த்தீங்க சித்தப்பா?"

"பிள்ளையாரு வந்தாரு, முருகரு வந்தாரு, அப்புறம் மறுபடி பிள்ளையாரே வந்தாரு. எங்க, சாமி தாண்டி ஆசாமி வரவே மாட்டேங்குதேன்னு இருக்கறப்ப கரண்ட்டு போயிடுச்சு. என் கல்யாண போட்டோ அதுல இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா இதுல வைரஸ் வந்துடுச்சு, அதான் எடுத்துட்டுப் போக வந்தேன்."

"வைரஸா? அய்யய்யோ, டிவிக்குக் காய்ச்சல் வந்துடுமா? கஷாயம் குடுக்கலாமா?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு, "உன் பொண்ணு எப்படி இருக்கா? மண்டபத்துல பார்த்தேன், இளைச்சுட்டா" என்றார்.

அவர் முகத்தையே பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, பார்க்காமல் சொல்கிறாரா? கல்யாணமான எல்லாப் பெண்களையும் எல்லாக் கிழவர்களும் சொல்வதுதான் இது. இருந்தும் பென் டிரைவை நான் அவசரமாகப் பிடுங்கியதை அவர் கவனித்தார். டீ வேண்டாம் என்று ஓடி வந்தேன்.

கடலூருக்குத் திரும்பி சிதம்பரம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் தாண்டியதே தெரியவில்லை. அண்ணனிடமும் வைரஸ் என்று சொல்லி வாங்கிவிட்டால் முடிந்தது. ஆனால் அண்ணன் வீட்டில் லேப்டாப் இருக்கிறது. பழைய படங்கள் என்றால் அவருக்கு உயிர். அப்புறம் வெள்ளாற்றுப் பாலம் வந்தது. அதன்மேல் பஸ் போகும்போது, அவர் பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயந்து போய்ச் செல்லை எடுத்து, இல்லாத மெசேஜைத் தேடினேன்.

கதவைத் திறந்தது அண்ணி.

"வாம்மா. சித்தப்பா ஃபோன் பண்ணாரு. வைரஸ்னு சொல்லிப் பாப்பா புடுங்கினு போச்சுன்னு சிரிச்சாரு." அண்ணி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அண்ணன் ரெண்டு மூணு நாளா சரியா சாப்பிடல. என்னான்னு கேட்டா என்மேல எரிஞ்சு விழறாரு. நீயே கேளு."

அண்ணன் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காலையில் பூசிய பட்டை கலைந்திருந்தது. அவர் தினமும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் காபியே குடிப்பார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேணும்னுதான் வச்சியா?"

"என்னாதுண்ணே?"

"சாமின்னு ஒண்ணு. அதுக்குள்ள விபூதின்னு ஒண்ணு. நம்ம வீட்டுல நெத்தி நெறைய பூசறவன் நான் ஒருத்தன்தான். சரி, அப்பா கோயில்ல நிக்கற போட்டோ ஏதோ நீ எனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கன்னு நெனைச்சுத் தொறந்தேன்."

நான் சாத்திய கதவில் சாய்ந்துகொண்டேன்.

"நல்ல எடம்னு வந்து சொன்னவன் நானு. எங்கிட்ட வாயால கேக்க முடியல, அதான் நீ இப்படிக் கேட்டிருக்கன்னு நெனைச்சேன். அறுபதாம் கல்யாணத்துக்குத் தங்கச்சி போட்ட சீரு இதுதான்னு நெனைச்சேன்."

"அய்யோ, இல்லண்ணே. அது ஸ்கிரிப்ட். எல்லா ஃபோல்டருக்கும் முதல்ல சாமியைக் காப்பி பண்ணச் சொல்லி நானே எழுதினேன். உள்ள இருக்கறதும் சேந்து போவும்னு..." பேசப் பேச எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. ஒரு பெண்ணின் தோளில் இருக்கும் காயத்துக்கும் நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

"அதெல்லாம் எனக்குப் புரியல. தெரிஞ்சு அனுப்பினியா, தெரியாம அனுப்பினியா? அதை மட்டும் சொல்லு."

"தெரியாமதாண்ணே."

சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அவருக்கு மேல் நான்தான் அதைச் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பெயர் வைத்தது நான். வரி எழுதியது நான். திரையில் ஓடியபோது கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்ததும் நான்.

அண்ணன் எழுந்து பூஜை அறைக்குப் போனார். நடராஜர் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி பென் டிரைவை எடுத்தார். "வேற எங்க வக்கறதுன்னு தெரியல," என்று என் கையில் வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வராதது ஏன் என்றும் தெரியவில்லை.

"அவகிட்ட நான் பேசலாமா? அவ வேணாம்னா வேணாம்," என்றார்.

மகளுக்கு ஃபோன் செய்தேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. வைரஸ் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நீண்ட நேரம் மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்டது.

"எல்லாருமா பார்த்தாங்க?"

"மாமா மட்டும்தான். நெல்லிக்குப்பம் தாத்தா பார்க்கலன்னுதான் நெனைக்கறேன்."

"நெனைக்கறியா?"

விபூதி என்ற பெயரைப் பார்த்துத்தான் மாமா திறந்தார் என்று சொன்னேன்.

"விபூதியா?" என்றாள். "அவன் அடிச்ச அடி உனக்கு விபூதியாம்மா?" பிறகு வேறு குரலில், "நான்தான பையில போட்டேன். தேங்காய்க்குப் பக்கத்துல நானே என் கையால போட்டேன்" என்றாள். அழுதாளா, சிரித்தாளா என்று இப்போதும் சொல்ல வராது. "மாமா என்னா சொல்றாரு? பொறுத்துப் போன்னு சொல்றாரா?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிடலையாம்."

"ஃபோனை அவருகிட்ட குடு."

அண்ணன் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல் அருகே நின்றார். ம், ம் என்பதுதான் கேட்டது. ஒரே ஒரு முறை, "இல்லம்மா, நான் எதுவும் கேக்கல. நீ வரச் சொன்னா வரேன்" என்றது காதில் விழுந்தது. திரும்பி வந்து ஃபோனைக் கொடுத்துவிட்டு, "சோறு போடு" என்று அண்ணியிடம் சொன்னார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே என்னிடம் சொல்லவில்லை.

நான் வீடு வந்தபோது மகள் என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹாலில் அவள் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா பென் டிரைவையும் அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் செருகி, விபூதியை அழித்தாள். லேப்டாப்பில் ஆளுக்கொன்றாக நான் வைத்திருந்த ஃபோல்டர்களிலும் அழித்தாள். பிறகு இருந்த ஒரே பிரதியைச் சாமியிலிருந்து வெளியே எடுத்து வைத்து, அதன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

"இனிமே யாருக்குக் குடுக்கணுமோ நான் குடுப்பேன்."

"ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதித் தரவா?" என்று கேட்டுவிட்டேன். வாய் இருக்கிறதே.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வேணாம்மா. ஒண்ணொண்ணாவே பண்றேன்."

'வக்கீல்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கினாள். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து, காப்பி செய்து, அதில் ஒட்டினாள். சிலவற்றைத் திறந்துவிட்டு ஒட்டாமல் மூடினாள். அதை அவள் செய்வதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. முடிந்ததும் புதிதாக இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி 'அப்பா' என்று எழுதினாள். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுல போடவா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. அவருக்கு பிபி. அண்ணனோடு சண்டைக்குப் போவார். சென்னைக்கே கிளம்பிவிடுவார். இல்லாவிட்டால் ஒன்றுமே பேசாமல் இடிந்து உட்கார்ந்துவிடுவார், அது இன்னும் பயம். போடு என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கைவசம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று வரவில்லை.

"ஒரு டீ கெடைக்குமா?" என்று ஹாலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"போட்டுட்டு வரேன்," என்று எழுந்தேன். அது யாருக்குச் சொன்ன பதில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பாலைக் காய்ச்சி, தூள் போட்டு, வடிகட்டி, மூன்று டம்ளரில் ஊற்றினேன். எடுத்துக்கொண்டு அறைக்குப் போனால் மேஜையில் லேப்டாப் இல்லை. நாற்காலி பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது.